ஐந்தாம் வார்த்தை

பெங்களூரு,
7 ஏப்ரல் 2024

அன்புள்ள தாசனுக்கு,

ஸ்தோத்திரம். இங்கு அனைவரும் சுகம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரியும் எழுதாமல் இருந்துவிட்டேன். அந்தக் கோபத்தை மே மாதம் நேரில் தீர்த்துக்கொள். பாடகர் குழுவில் நீ இன்னும் எல்லாருக்கும் முன்னதாகவே சரணத்தை முடித்துவிடுகிறாயா? வாளி விஷயம் ஆச்சியின் காதுக்கு எட்டவில்லையே?

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் இவ்வாண்டு, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தையைப் பேச எனக்குக் கொடுத்திருந்தார்கள்: "தாகமாயிருக்கிறேன்." மனம் உருகித்தான் பேசினேன். கஞ்சி குடிக்கும்போது மூன்று பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு மணிக்கு வீடு திரும்பியபோது எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எதிர்மனைக் கட்டடத்தில் சித்தாள் வேலை, தருமபுரிப் பக்கம். இடுப்பில் குழந்தை, கையில் பச்சை பிளாஸ்டிக் குடம், அதன் கழுத்து விரிசலை உருக்கி ஒட்டிய தழும்பு கறுத்துக் கிடந்தது. காவலாளி அறையை அடுத்த குழாயில் பூட்டு தொங்கியது. வெளியாட்கள் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று மேலே ஒட்டியிருந்த அறிவிப்பில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

"பாப்பாவுக்கு மட்டும் ஒரு சொம்பு, சார்" என்றாள். சங்கத்தின் முடிவு அது என்று சொல்லிவிட்டேன், தாசா. அவள் வாதாடவில்லை. குடத்தைக் கைமாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பூட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நகரத்தின் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வரே மார்ச்சில் அறிவித்தார். எங்கள் பகுதி 2007-இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களில் ஒன்று; காவிரிக் குழாய் இன்னும் வந்து சேரவில்லை. எல்லாம் டேங்கர் தண்ணீர்தான். ஆனால் அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். அரசு நிர்ணயித்த விலைப்படி 12,000 லிட்டர் டேங்கர் ஆயிரம் ரூபாய். பதினைந்து லிட்டர் குடத்துக்கு ஒன்றேகால் ரூபாய். அதைத்தான் நான் மறுத்திருக்கிறேன்.

யோவான் பத்தொன்பதாம் அதிகாரத்தை மறுபடியும் திறந்தேன். தாகம் என்றபோது இயேசுவுக்குக் கொடுத்த காடி, ரோமப் போர்ச்சேவகர்கள் குடித்த மலிவான புளித்த திராட்சரசம் என்று மதியம் நானே விளக்கியிருந்தேன். ஆணி அடித்த கைகளே தங்கள் பானத்தில் கடற்காளானை, அதாவது கடற்பஞ்சை, தோய்த்து அவர் வாயருகே நீட்டின. நான் அந்த அளவுகூடச் செய்யவில்லை. ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்துபோகக் கால் வரவில்லை. சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று கர்த்தர் சொன்னதைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் அல்லவா நாம்?

திங்கட்கிழமை எதிர்மனைக் கொட்டகைகளுக்குப் போனேன். தண்ணீரின்றி வேலை நின்றுபோனதால் ஐந்து குடும்பங்கள் சனிக்கிழமையே ஊர் திரும்பிவிட்டன. பச்சைக் குடம் வைத்திருந்த பெண் என்றுதான் என்னால் கேட்க முடிந்தது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. அன்று மாலையே சங்கத்தைக் கூட்டினேன். இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு காலை ஆறிலிருந்து ஏழு வரை குழாயைத் திறந்துவைக்கச் சம்மதித்தார்கள். மிச்சமிருக்கும் குடும்பங்கள் வருகின்றன.

நம் ஊர்த் தேவாலயக் கோபுரத்துக்கு நன்கொடை கேட்டிருந்தாய். இவ்வாண்டு நான் அனுப்பப்போவதில்லை. கோயிலுக்குக் கைப்பிடி அரிசி சேர்த்த கலயத்திலிருந்தே உன் அம்மா பின்வாசலில் வந்து நிற்பவர்களுக்கு அளந்து போட்டதையும், சபையைக் கவனித்துவந்த உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதையும் நீயும் நானும் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறோம். கோயிலுக்குப் பின்தெருவில் இந்தக் கோடையில் தண்ணீர் வருகிறதா என்று நேரில் போய் விசாரித்து எழுது. அங்கே தொட்டி கட்டுவதானால் நீ கேட்டதைவிட அதிகமாகவே தருகிறேன். சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் இதைப் பேச உனக்குத் தயக்கமாக இருந்தால், மே மாதம் நான் வந்து பேசுகிறேன்.

குழாயின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் ஆறு மணிக்குத் திறக்க வேண்டும், இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். பதிலைத் தாமதிக்காதே.

உன்
ஜெபராஜ்