இன்றைக்கு என்ன கறி?

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "முகம் பார்க்காத மனிதர்களோடு தினமும் அப்படி என்னதான் அம்மா பேசுவீர்கள்?" என்று கேட்டாய். அக்கறையோடுதான் கேட்டாய் என்று தெரியும். வயதானவர்கள் இணையத்தில் ஏமாந்த கதைகளை நானும் தினசரியில் படிக்கிறேன். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிற பதில் அல்ல என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றைய பேச்சை அப்படியே சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு நான் பால் காய்ச்சும்போது பினாங்கில் மணி எட்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் அங்கே இருக்கிறார். எங்களில் முதலில் வருவது எப்போதும் அவர்தான். "பசியாறிவிட்டீர்களா?" என்று தொடங்குவார். நேற்று அங்கே விடிய விடிய மழையாம். வழக்கமாக ரொட்டி சானாய் வாங்கும் கடை பூட்டிக் கிடந்ததாம். கடைக்காரரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெண் குழந்தை. இங்கேயும் மழைதான், மாடியில் காயப்போட்ட சீயக்காய் நனைந்துவிட்டது என்று நான் எழுதினேன். "உடனே மின்விசிறிக்குக் கீழே துணி விரித்துப் பரப்புங்கள், பூசணம் பிடித்துவிடும்" என்றார். பரப்பினேன்.

பத்தரை மணிக்கு டிரோம்சோ அக்கா வந்தார். நார்வேயின் வடகோடியில் அவருக்கு அப்போது காலை ஆறு. படியில் பனி உறைந்திருக்கிறது, உப்புப் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் அரை மணி கழித்துத்தான் திரும்பினார். வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று அடுப்பில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாக இருந்தேன். சாயங்காலம் நாலரைக்கு டொரோண்டோ தங்கை எழுந்தார், அவருக்கும் அப்போது காலை ஆறு. இரவு கரைத்த மாவு குளிரில் பொங்கவில்லை, அடுப்பின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்திருக்கிறேன் என்றார். இரவு நான் படுக்கப் போகும் முன், பொங்கிவிட்டது என்று படம் அனுப்பியிருந்தார். பாத்திரத்தின் விளிம்பு தாண்டி ஒரு விரல் வழிந்திருந்தது.

இவ்வளவுதான் நாங்கள் பேசுவது. உலக விஷயம் எதுவும் இல்லை. காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படம் அனுப்புகிற வழக்கமும் எங்களிடம் இல்லை. அதை ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். ஓவனுக்குள் இருக்கிற மாவைப் பற்றி யாரிடமாவது ஒருவரிடம்தான் சொல்ல முடியும்.

நாங்கள் சேர்ந்த இடத்தை உனக்கு நான் சொன்னதே இல்லை. மதுரைத் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பாய். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய பணி அது. பழைய தமிழ் நூல்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி கணினியில் ஏற்றுகிறார்கள். ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்வார், வேறொரு நாட்டில் இன்னொருவர் பிழை திருத்துவார். யாருக்கும் சம்பளம் கிடையாது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தேன். கணக்கு டீச்சருக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று உன் சித்தி கேட்டாள். பிழை கண்டுபிடிப்பதைத்தானே ஆயுள் முழுக்கச் செய்தேன்.

அங்கே ஒரு பக்கத்தில் றகரமா ரகரமா என்று எனக்குச் சந்தேகம். தட்டச்சு செய்தவர் டிரோம்சோ அக்கா, மூல நூல் அவரிடம் இருந்தது. கேட்டு எழுதினேன். பேரனுக்குக் காய்ச்சல், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. மறுநாள் நான் றகரத்தை விட்டுவிட்டுக் காய்ச்சலைத்தான் முதலில் விசாரித்தேன். பினாங்கு அண்ணனும் டொரோண்டோ தங்கையும் அப்படி வந்து சேர்ந்தவர்களே. நூல் முடிந்து வெகுகாலம் ஆயிற்று, பேச்சு நிற்கவில்லை.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் இறுதியில், இளவயதில், நாட்டு நிலைமை துரத்த நார்வேக்குப் போனவர். அந்நாட்டின் வடக்குக் கடலோரச் சிற்றூர்களில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அங்கே போய் நின்றார்கள். நாள் முழுக்க ஈரத்தில் நின்று மீன் வெட்டிய கை, இன்றும் குளிர் காலத்தில் விரல் மடங்காது என்பார். கூட வந்தவர்களில் பெரும்பாலோர் பின்னால் ஆஸ்லோ பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்கள். இவர் வடக்கிலேயே தங்கிவிட்டார். இதை அவர் ஒரே நாளில் உட்கார்ந்து எனக்குச் சொல்லவில்லை. "இன்றைக்கு என்ன கறி?" என்று கேட்கப் போய், மீன் வாங்கவில்லை, விரல் வலிக்கிறது என்றதில் ஒரு துண்டு வந்தது, இன்னொரு நாள் இன்னொரு துண்டு. உன் கதையைச் சொல் என்று நேரே கேட்டிருந்தால் வந்திருக்குமா?

எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது சொதியை வைத்துத்தான். நம் திருநெல்வேலிச் சொதி உனக்குத் தெரியும், மறுவீட்டு விருந்துக்கு வைப்பது. மூன்று தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, கடைசியில் இஞ்சிச் சாறு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அக்கா வீட்டுச் சொதி தண்ணீராக இருக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, இறக்கி எலுமிச்சை பிழிவது. இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்வார்கள், மீன் போட்டும் வைப்பார்கள். பருப்புப் போட்டால் அது சொதியா என்று அவர் கேட்க, இவ்வளவு தண்ணீராக இருந்தால் எப்படிச் சோற்றில் நிற்கும் என்று நான் கேட்க, ஒரு வாரம் போனது. கடைசியில் ஒரே ஞாயிற்றுக்கிழமை அவர் முறைப்படி நானும் என் முறைப்படி அவரும் வைத்தோம். அப்பா அன்று இடியப்பம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்போது மாதம் ஒரு முறையாவது நம் வீட்டில் யாழ்ப்பாணத்துச் சொதி உண்டு.

பொங்கல் சமாசாரத்தையும் சொல்ல வேண்டும். டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. நண்பகலில் வானம் ஒரு நீல நிறமாகிச் சற்று நேரம் நிற்கும், பிறகு மறுபடியும் இருட்டு. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் தெரிய ஜனவரி 21 ஆகிவிடும். அன்று சூரிய நாள் என்று கொண்டாடி, நடுவில் ஜாம் வைத்த பன் வாங்கிச் சாப்பிடுவார்கள். நம் தைப்பொங்கலோ அதற்கு ஒரு வாரம் முந்தி வந்துவிடுகிறது. சூரியனே இல்லாத ஊரில் சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று ஒரு வருடம் அக்கா எழுதினார். அந்தப் பொங்கலன்று ஆறே முக்கால் மணிக்கு நம் மொட்டை மாடியிலிருந்து போனில் அவருக்கு உதயத்தைக் காட்டினேன். அவருக்கு அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டேகால். பேரனை எழுப்பி உட்காரவைத்திருந்தார். வேம்புக்கு மேலே வெயில் ஏறியதும் அங்கே அடுப்பில் பால் பொங்கியது. அதன்பிறகு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் இதுதான் வழக்கம்.

நேரக் கணக்கு எனக்குப் பிடித்தமானது என்று நீ அறிவாய். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைக்கிறார்கள், டொரோண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு. இடையில் வருகிற அந்த ஒரு வாரம் டிரோம்சோவுக்கும் டொரோண்டோவுக்கும் உள்ள ஆறு மணி நேர வித்தியாசம் ஐந்தாகிவிடும். முன்கூட்டியே இருவருக்கும் ஞாபகப்படுத்துவது என் பொறுப்பு. பினாங்கு அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 1982 பிறந்த இரவில் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியதாம், சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. அவர் அன்று இரவுப் பணியில் இருந்தார். வேலை அரை மணி குறைந்ததை இன்றும் மகிழ்ச்சியோடு சொல்கிறார்.

இனி 2023 டிசம்பருக்கு வருகிறேன். அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பாளையங்கோட்டையில் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. நீ டப்ளினில் இரவு முழுக்க எங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் உனக்குச் செய்தி வந்தது டொரோண்டோவிலிருந்து: அம்மாவும் அப்பாவும் மாடி வீட்டில் பத்திரம், மத்தியானம் ரசமும் பருப்புத் துவையலும் சாப்பிட்டார்கள், அப்பா மாத்திரையைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார். டொரோண்டோ தங்கையின் மகன் அயர்லாந்தில் படிக்க விசாரித்தபோது உன் எண்ணை நான் கொடுத்திருந்தேன், அதனால் உன்னைப் பிடித்தார்.

எங்களைப் பிடித்தது எப்படி? முறுக்குப் பேச்சினால். மாடி வீட்டு சாரின் மகள் கோயம்புத்தூரில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறாள் என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். டொரோண்டோ தங்கையின் அக்கா அதே ஊர். வளைகாப்புக்கு முறுக்கு வேண்டும் என்று அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கிக்கொண்டார். வெள்ளத்தன்று டொரோண்டோ தங்கை அந்த எண்ணைத் தேடி எடுத்து அழைத்திருக்கிறார். மாடி வீட்டு சார் பழைய தரைவழித் தொலைபேசியை இன்னும் வைத்திருப்பதும் அவருக்கு நினைவிருந்தது, அதுவும் நான் எப்போதோ சொன்னதுதான். மகள் அந்தத் தொலைபேசிக்குப் பேசினாள், மணி அடித்தது.

உன்னிடம் அந்த எண் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை ஐயா. மாடி வீட்டில் யார் முறுக்கு சுடுகிறார்கள் என்பது நம் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் இடம்பெறுகிற செய்தி இல்லை. நாம் பேசுவது ரத்தப் பரிசோதனை, வீட்டு வரி, விசா, டிக்கெட். எல்லாம் வேண்டியவைதான், நீ ஒன்றையும் விடாமல் கவனிக்கிறாய். ஆனால் டிரோம்சோ அக்காவின் சமையலறை ஜன்னலில் கறிவேப்பிலைத் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. பினாங்கு அண்ணனுக்கு எந்த முழங்கால் வலிக்கும் என்று தெரியும். நீ மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று தெரியாது. முகம் பார்க்காதவர்களை இவ்வளவு தெரிந்திருக்கும்போது, பெற்ற பிள்ளையைப் பற்றித் தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நேரம் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். பால் திரிந்துவிட்டது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது, எதுவானாலும் எழுது. சொல்ல ஒன்றுமில்லை என்று நீ நினைக்கிற நாளில்தான் எனக்கு அதிகம் வேண்டும். சுகமில்லை என்றால் அதையும் எழுது, பயப்பட மாட்டேன். வரி வராவிட்டால்தான் பயம். நானும் எழுதுவேன், பதில் போடாவிட்டாலும் படித்துவிடு.

அப்பா ஒரு எழுத்தும் தட்டத் தெரியாதவர். ஆனாலும் காலையில் செய்தித்தாளை விரிக்கும் முன், "பினாங்கில் மழை விட்டதா?" என்று என்னிடம் கேட்டுக்கொள்கிறார்.

இட்லிப் பொடி, சுக்கு, பருப்புப் பொடி மூன்றும் அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். இந்த மாதத்தில் உங்கள் ஊரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று அப்பா எங்கோ படித்தார். நீ வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் விளக்கு இருக்கிறதா, மேலே கூரை இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார். மறக்காமல் பதில் போடு.

அன்புடன்,
அம்மா