நம் குழாய்த் தண்ணீரின் ஊர்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் வந்தால் உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எட்டிப் பார்க்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. "அந்தப் பாலைவனத்துல பார்க்க என்னப்பா இருக்கு?" என்று போனில் கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன், சாவகாசமாகப் படி.

நாங்கள் போனது கலிபோர்னியாவில் இன்டிபென்டன்ஸ் என்ற ஊர். நம் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 395-ஆம் சாலையில் வடக்கே கிட்டத்தட்ட நாலு மணி நேரம். இன்யோ கவுன்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, தலைநகரம் என்று பேர், ஊரில் ஆயிரம் பேர்கூடத் தேற மாட்டார்கள். கவுன்டி என்னவோ தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவு பெரிது. கோர்ட்டுக்குப் பின்னால் சில தெருக்கள் தள்ளி ஈஸ்டர்ன் கலிபோர்னியா மியூசியம். 1928-இல் தொடங்கியது, கவுன்டி நிர்வாகமே நடத்துகிறது. டிக்கெட் கிடையாது, மனமிருந்தால் காசு போடலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் அவ்வளவு பெரிய கெட்டி கலை மியூசியத்திலேயே அரை மணி நேரத்தில் உட்கார இடம் தேடுகிற ஆள் நான். இங்கே என்னை வெளியே கிளப்ப உன் அம்மா பட்ட பாட்டை அவளிடமே கேள்.

முதலில் கண்ணில் படுவது கூடைகள். அந்த ஊர் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான பையூட், ஷொஷோனி பெண்கள் பின்னியவை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளைக் கிழித்துச் சீவிப் பின்னுவார்களாம். அதில் தண்ணீர்க் குடுவையும் உண்டு. கூடையில் எப்படித் தண்ணீர் நிற்கும் என்கிறாயா? பைன் மரப் பிசினை உருக்கிப் பூசிவிடுவார்கள். குறுகிய வாய், பெருத்த வயிறு, கயிறு மாட்டக் காது. கசியவே கசியாதாம். அந்த மக்கள் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, காட்டுக் கிழங்குகளுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். 1863-இல் ராணுவம் அவர்களில் ஆயிரம் பேர் அளவில் கூட்டிச் சேர்த்து, கோடை வெயிலில் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்தியே கொண்டுபோனது. மேய்ச்சல் நிலமும் வாய்க்காலும் புதிதாக வந்தவர்கள் கைக்குப் போயின.

அப்படி வந்தவர்களுடைய ஏர், அறுவடை இயந்திரம், வண்டி எல்லாம் வெளி முற்றத்தில் துருப்பிடித்து நிற்கின்றன. அவர்களுக்கும் முறை வந்தது, கண்ணு. லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தாகம் எடுத்தது. பழைய மேயர் ஒருவர் முன்னால் போய் நிலங்களை வாங்க, முல்ஹாலண்ட் என்ற எஞ்சினியர் பின்னாலேயே 233 மைலுக்குக் கால்வாயும் குழாயும் போட்டார். ஒரு பம்புகூட இல்லை, எல்லாம் சரிவிலேயே ஓடிவரும். நீ எஞ்சினியர், உனக்கு அதன் அழகு புரியும், எனக்கும் புரிகிறது. 1913 நவம்பர் 5-ஆம் தேதி தண்ணீர் பாய்ந்துவந்தபோது கூடியிருந்த ஜனங்களிடம் முல்ஹாலண்ட், "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பேச்சு அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஓவன்ஸ் ஏரி சில வருஷங்களில் வறண்டது. 1924-இல் உள்ளூர்க்காரர்கள் மதகைப் பிடித்து நாலு நாள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். கால்வாய்க்கு டைனமைட்டும் வைத்தார்கள். 1927-இல் அவர்களுக்கு ஆதரவாக நின்ற வங்கியே திவாலாக, எல்லாம் அடங்கியது. வறண்ட ஏரியிலிருந்து கிளம்பும் தூசியை அடக்க நம் நகரம் நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டியிருக்கிறது. நீ பல் தேய்த்து வளர்ந்த தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான்.

இதற்கு அடுத்த பகுதிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஊருக்குத் தெற்கே ஆறு மைலில் மன்சனார். ஆப்பிளும் பேரிக்காயும் விளைந்த கிராமம். நகரம் நிலத்தை வாங்கியதும் 1929-க்குள் காலியாகிவிட்டது. 1942-இல், ஜப்பானோடு போர் நடந்தபோது, அதே நிலத்தில் ராணுவம் முள்வேலி போட்டு, ஜப்பானிய வம்சாவளிக்காரர்களைக் கொண்டுவந்து அடைத்தது. ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வரை இருந்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். பெரும்பாலோர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ஆட்கள், அதாவது நம் ஊர்க்காரர்கள். இருபதுக்கு இருபத்தைந்து அடி அறையில் எட்டுப் பேர், வைக்கோல் அடைத்த மெத்தை, தொங்கும் ஒரு பல்பு. அப்படியும் பழைய தோட்டத்து மரங்களைக் கவாத்து செய்து காய்க்க வைத்திருக்கிறார்கள்!

1945-இல் முகாமை மூடியதும் கட்டடங்களைப் பிரித்து மரத்துக்கு விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த பெரிய அரங்கத்தைப் பிற்பாடு கவுன்டி ரோடு வண்டிகள் நிறுத்தும் ஷெட்டாக்கியது. விட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். அந்த முகாமில் இளைஞராக அடைபட்டிருந்த ஷிரோ நோமுரா என்பவர், 1970-களில் பழைய முகாம்வாசிகளிடமிருந்து போட்டோக்களையும் பொருள்களையும் கேட்டுக் கேட்டு வாங்கி இந்தச் சின்ன மியூசியத்தில் சேர்த்தார். ஊரில் அது பிடிக்காதவர்களும் இருந்தார்கள். 1973-இல் மன்சனாரில் பதித்த நினைவுப் பலகையில் யாரோ கொத்திய தழும்பு இருக்கிறது. மத்திய அரசு அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது 1992-இல்தான். அதுவரை இந்தக் கதைக்கு நிழல் கொடுத்தது பக்கத்து ஊர் மியூசியம். தன்னை அடைத்து வைத்த ஊரிடமே நம்பிக் கொடுத்தாரே, அந்த மனசு எனக்கு வராது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கும் ஒரே நாளில் வந்திருக்காது" என்றாள்.

சிரிக்கவும் ஒன்று உண்டு. நார்மன் கிளைட் என்று ஒரு மலையேறி. பக்கத்துச் சியரா மலைகளில் யாரும் ஏறாத பாதைகளில் நூற்றுக்கும் மேல் ஏறியவர், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். ஒரு ஹாலோவீன் இரவில் விஷமம் செய்ய வந்த பையன்களின் காரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். யாருக்கும் அடியில்லை, வேலைதான் போனது. அதன்பின் மலையே கதி. அவருக்கும் இங்கே ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். இப்படித் தன் ஊர்க் கோமாளித்தனத்தையும் மறைக்காமல் வைத்திருப்பதால்தான் மற்றதையும் நான் நம்பினேன்.

திரும்பி வரும்போது என் அம்மாயி நினைவாகவே இருந்தது. அவள் பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் போனது உனக்குத் தெரியும். 1934-இல் அணை முடிந்தது, கீழே தஞ்சாவூர் வரை விளைந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் குறையும்போது பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள். வீடுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அம்மாயி அந்த ஊரிலிருந்து கொண்டுவந்ததில் நம்மிடம் மிஞ்சியது ஒரு பித்தளைச் செம்பு. நீ லண்டனுக்குப் போகும்போது பேனா போட்டு வைக்க எடுத்துப் போனாயே, அதுதான்.

அதன் கழுத்துக்குக் கீழே பெயர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்க்காதே, எழுத்து மழுங்கிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்து தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்து அனுப்பு. பெயருக்குப் பக்கத்தில் ஊரின் முதல் எழுத்தோ வருஷமோ இருந்தால் அதையும் தனியாக எடு. சேலத்தில் உன் பெரியம்மாவுக்கு அம்மாயி சொன்ன கதைகள் என்னைவிட அதிகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் போட்டுப் பேசி, சொல்வதை ரெக்கார்டு செய்துவிடு. அவளுக்கு எண்பது நெருங்குகிறது, அடுத்த லீவு வரை ஒத்திப்போடாதே.

அன்புடன்,
அப்பா