ஜாமீன் மனு என்றைக்கு வருகிறது என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வேண்டும்

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு, சென்னை.

வணக்கம்.

எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்புத் தரவேண்டும், அவர் தரப்பையும் கேட்கவேண்டும் என்கிறது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு. 2016 ஜனவரி முதல் இது நடப்பில் உள்ளது. ஹரிராம் பாம்பி வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்று சொல்லி, அறிவிப்பில்லாமல் கொடுத்த ஜாமீனை ரத்தும் செய்தது.

ஆனாலும் பலருக்குக் கிடைப்பது, முந்தின நாள் மாலை காவல் நிலையத்திலிருந்து ஒரு போன் மட்டும்: "நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்துடும்மா." எந்த நீதிமன்றம், மனு எண் என்ன என்பதெல்லாம் அதில் இராது. குடிசையை இடித்துக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ அனுப்பப்பட்டவர்களுக்கு, பழைய விலாசத்துக்குப் போகும் தாள் கைக்கு வருவதே இல்லை. சிலரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். மனு நகல் கொடுப்பதில்லை. கோப்பிலோ 'சார்வு செய்யப்பட்டது', அதாவது அறிவிப்பு நேரில் கொடுக்கப்பட்டது, என்று ஏறிவிடுகிறது. அன்று அவர் வராவிட்டால் ஆட்சேபனை இல்லை என்றே ஆகிவிடுகிறது.

ஆட்சேபனை மனு ஓர் இரவில் தயாராகாது. எஃப்.ஐ.ஆர். நகல், ஜாமீன் மனு நகல், அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், பிறகு மிரட்டியிருந்தால் அந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது எல்லாம் வேண்டும். வக்காலத்திலும் கையெழுத்தாக வேண்டும். ஆகவே எஃப்.ஐ.ஆர். பதிவாகும் அன்றே அதன் நகல் மாவட்ட ஆணைக்குழுவுக்கும் வரும்படி காவல்துறையோடு ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள பேனல் வழக்கறிஞரை அப்போதே நியமித்துவிடுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. அவர்களிடம் வருமானச் சான்று கேட்டுத் தாசில்தார் அலுவலகத்துக்கு அனுப்பினால், திரும்பி வருவதற்குள் ஜாமீன் உத்தரவே வந்துவிடும்.

பேட்டாவும் முக்கியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995 விதிகளில் 11-ஆம் விதிப்படி நீதிமன்றத்துக்கு வரும் நாளுக்குப் பயணப்படியும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத பராமரிப்புச் செலவும் மூன்று நாளுக்குள் தரவேண்டும். வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு ஒரு நாள் வாய்தா என்பது ஒரு நாள் அடுப்பு. இந்தத் தொகைக்கான விண்ணப்பத்தை உங்கள் உதவி மையத்திலேயே எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்.

சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் மறுத்தால், எதிரி அதே சட்டத்தின் 14ஏ பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்து வருவார். அங்கேயும் தமிழில், மனு நகலோடு, குறைந்தது மூன்று நாள் முன்னதாக அறிவிப்புக் கிடைக்கவும், தொடக்கத்திலிருந்து வழக்கை அறிந்த அதே வழக்கறிஞர் ஆஜராகவும் வழிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் தரப்பில் பணிபுரியும்
வழக்கறிஞர்கள், களப்பணியாளர்கள்,
சென்னை.