தங்க வரியும் குருவிகளின் கணக்கும்: நிதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையினருக்கு வணக்கம்.

2024 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தீர்கள். நகை வாங்குவோருக்கான சலுகையாகவே அது பெரிதும் பேசப்பட்டது; கடத்தலை முடக்கும் நடவடிக்கையாக அதன் பயன் இன்னும் பெரிது என்பது என் கருத்து. ரூபாய் மதிப்பு சரியும்போதெல்லாம் வரியை உயர்த்தும் யோசனை தலைதூக்குவதால் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் 60 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிலோ தங்கம், வரி 15 விழுக்காடாக இருந்தால் இங்கே 69 இலட்சத்துக்கு விலைபோகும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிலோ கடத்தி அதில் ஒன்று பிடிபட்டாலும் எஞ்சிய ஏழுக்கு 483 இலட்சம் கிடைக்கும்; போட்ட முதலோ 480 இலட்சம். எட்டில் ஒன்றைச் சுங்கத்துறை கைப்பற்றினாலும் முதலுக்கு மோசமில்லை. வரி 6 விழுக்காடானால், பதினெட்டில் ஒன்று பிடிபட்டாலே இலாபம் ஏறக்குறைய முழுதும் கரைந்துவிடும். (பில் போடாமல் விற்பதால் மிச்சமாகும் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யையும், தங்கத்தைச் சுமந்து வரும் ‘குருவி’களின் கூலி, விமானக் கட்டணம், வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் ஹவாலாவின் தரகு ஆகியவற்றையும் நான் சேர்க்கவில்லை.) கூடுதலாக ஓர் அதிகாரியைக்கூட நியமிக்காமல், இருக்கும் சோதனைக்கே இருமடங்குக்கு மேல் வலுவேற்றியது அந்த அறிவிப்பு.

வரி உயர்வுக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வெளிநாடுகளிலிருந்து வரும் வரவைவிட அங்கே போகும் செலவு மிகும் அளவு) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காட்டைத் தொட்ட நிலையில், 2013இல் வரி படிப்படியாக 10 விழுக்காடானது. ஆனால் கடத்தல் தங்கத்துக்கும் அந்நியச் செலாவணிதான் விலை. வளைகுடாத் தொழிலாளி ஊருக்கு அனுப்பும் பணத்தை ஹவாலாக்காரர் அங்கேயே வாங்கி, அதைக் கடத்தல்காரருக்குத் தங்கம் வாங்கக் கொடுத்து, குடும்பத்துக்கு இங்கே ரூபாயாகப் பட்டுவாடா செய்யும்போது, வங்கிக்கு வரவேண்டிய டாலர் வராமலே போகிறது. ஏட்டில் இறக்குமதி குறையும், டாலர் மிஞ்சாது. வரி கட்டி வாங்கும் நகைக்கடைக்காரரோ, கட்டாதவரின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவார்.

பசையாக்கிய தங்கத்தை உடலுக்குள் மறைத்து வந்து விமான நிலையத்தில் சிக்கும் குருவிக்கு, பெரும்பாலும் அந்தத் தங்கம் சொந்தமில்லை. அவர் சிறைக்குப் போனால் அடுத்த வாரமே இன்னொருவர் கிடைப்பார்; முதல் போட்டவருக்கு அது தொழில் செலவு.

ஆகவே, தங்க வரியை மாற்ற நேரும்போது, புதிய விகிதத்தில் கடத்தலுக்குக் கிடைக்கும் இலாப இடைவெளி எவ்வளவு என்பதையும் மதிப்பிட்டு அந்த அறிவிப்புடன் வெளியிடுங்கள். வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் பிடிபட்ட கிலோக்களின் கணக்கோடு நிறுத்தாமல், அவற்றுக்கு முதல் போட்டவர்களில் எத்தனை பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது என்பதையும் ஆண்டுதோறும் தெரிவிக்க ஆவன செய்யுங்கள்.

இவண்,
வரி செலுத்தும் ஒரு குடிமகன்