சத்துப் பொடி குடித்தால் கட்டி கரையாது

ஆசிரியருக்கு,

மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் என் அக்கா நான்கு மாதம் டாக்டரிடம் போகவில்லை. ‘வைட்டமின் டி குறைச்சல், அதான்’ என்று வாராவாரம் 60,000 யூனிட் பாக்கெட்டைப் பாலில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. இப்போது அவர் மகளின் செல்போனுக்கு ஒரு விளம்பரம்: வைட்டமின் டி ஏற்பியின் (செல்லுக்குள் அந்த வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தின்) மரபணுவைச் சோதித்து, இந்த நோய் வருமா என்று சொல்லிவிடுவார்களாம்!

அந்த மரபணு ஆளுக்கு ஆள் மாறுபடுவது உண்மைதான். அதில் ‘ஃபோக்1’ என்ற இடத்தில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறினால், 427 அமினோ அமிலங்கள் கொண்ட ஏற்பிப் புரதம் 424ஆகக் குறுகுகிறது. ஆனால் இதனால் மார்பகப் புற்றுநோய் வருமா என்று பார்த்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தெரிந்த வேறுபாடும் சிறியது. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைப் பெரிதும் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுக் கோளாறோடு இதை ஒரே தட்டில் வைக்கவே முடியாது. அமெரிக்காவில் ஏறக்குறைய 26,000 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ‘வைட்டல்’ ஆய்வில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி சாப்பிட்டும் மார்பகப் புற்றுநோய் குறையவில்லை.

இப்படிப்பட்ட விளம்பரங்களைப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே காட்ட வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஒரு வாசகி, திருச்சி