வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுங்கள்

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போதை மறுவாழ்வு மையத்தில் இருந்து தேறி வந்த சில நாட்களில் என் தம்பி இறந்துபோனான். யார் கேட்டாலும் மாரடைப்பு என்று சொல்லச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். நான் சொல்லவில்லை. வலி நிவாரண மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொண்டதால் செத்தான். அதை மறைத்தால் இந்தக் கடிதத்தையே எழுத முடியாது.

ஏ.சி. மெக்கானிக் அவன். மே மாதம் வந்தால் சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடுவான். பாரிமுனைப் பக்கம் வேலை என்றால் எனக்கென்று ஒரு பொட்டலம் அத்தோ, அதுதான் அந்த பர்மா நூடுல்ஸ், வாங்காமல் திரும்ப மாட்டான். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் "விட்டது தொல்லை" என்று என் காதுபடவே பேசினார்கள். மற்றவர்கள் "அம்மாவைப் பார்த்துக்கோ" என்றார்கள். பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கூடப்பிறந்தவளுக்கும் அழ இடம் வேண்டும்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததைச் சொல்கிறேன். மையத்தில் இருந்தவரை அவன் எதையும் தொடவில்லை. அதை வைத்துத்தான் பிழைத்துவிட்டான் என்று நம்பினோம். ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அவன் ஏற்றிக்கொண்டது போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை, வலி மாத்திரைகளுக்கு உடம்பு பழகப் பழக அளவு கூடிக்கொண்டே போகும். சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். ஆசை மட்டும் குறையாது. ஒருநாள் சறுக்கி, பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவர்களுக்கு இது பாலபாடம். அழைத்துவரப் போன எங்களிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை. பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு "நல்லா பாத்துக்கங்க" என்று அனுப்பினார்கள்.

இறந்த அன்றிரவு அவன் கொரகொரவென்று குறட்டை விட்டான். பிள்ளை இப்போதாவது நிம்மதியாகத் தூங்குகிறானே என்று அம்மா ஃபேனைக் கூட்டி வைத்தார். உலுக்கினாலும் எழாமல், உதடு நீலம் பாரித்து, விட்டு விட்டு வரும் அந்தச் சத்தம் தூக்கமல்ல, மூச்சுத் திணறல் என்பது எந்த அம்மாவுக்குத் தெரியும்?

நலோக்சோன் என்று, ஓபியாய்டின் வேகத்தை முறிக்கும் ஒரு மருந்து இருக்கிறது. நேரத்துக்குக் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். அதன் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும் என்பதால் அப்புறமும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். இப்படிப்பட்ட ஆபத்து நேரத்தில் பக்கத்தில் இருக்கக்கூடியவர்கள் கையில் அது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொன்னது. நம் வீடுகளில் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பழக்கம் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த சிகிச்சை பற்றி அவரோடும் குடும்பத்தோடும் மருத்துவர் பேச வேண்டும் என்கிறது அதன் 98-ஆவது பிரிவு. உங்களிடம் பதிவு பெறும் ஒவ்வொரு மையமும் அந்தப் பேச்சோடு எளிய தமிழில் ஒரு தாளும் தர வேண்டும் என்று உத்தரவிடுங்கள். பழைய அளவு உயிரைப் பறிக்கும் என்று அதில் முதல் வரியாகவே இருக்கட்டும். அந்தக் குறட்டை, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, 108, போதை ஏக்கத்தை அடக்கும் பியூப்ரெனார்ஃபின் போன்ற மருந்தைத் தொடர்ந்து எங்கே வாங்குவது, எல்லாம் இருக்கட்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து 108-ஐ அழைக்கத் தயங்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். கொடுத்து அனுப்ப நலோக்சோனுக்கும் வழி செய்யுங்கள்.

இதெல்லாம் மறுபடி போதை எடுக்க அனுமதி கொடுப்பதாகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. திரும்பச் சறுக்குவது இந்த நோயில் சகஜம். சறுக்கியவன் உயிரோடு இருந்தால்தான் அடுத்த முறை எழுந்து நிற்பான்.

தாள் தயாரானதும் கூப்பிடுங்கள். அயனாவரத்திலிருந்து உங்கள் அலுவலகம் நடக்கிற தூரம்தான். அம்மாவையும் அழைத்து வருகிறேன். அவர் படித்துவிட்டுப் புரிகிறது என்று சொன்னால் அச்சுக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா
அயனாவரம், சென்னை