பழி பம்பின் மேல், பிடித்தம் பையன் சம்பளத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி பிறந்தால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வீடுகள் சோபாவையும் கார்ப்பெட்டையும் கையோடு கழுவித் தரச் சொல்கின்றன. தை பிறந்ததும் கல்யாண மண்டபங்கள் வரிசை கட்டும். கார்ப்பெட் கழுவும் மெஷினில் தண்ணீர் அழுத்தம் குறைந்துவிட்டது என்ற புலம்பலும் இந்த நாட்களில்தான் அதிகம் கேட்கும்.

வேளச்சேரியில் நான்கைந்து பேரை வைத்து இந்த வேலையை நடத்துகிறேன். பழுது பார்க்க வருகிறவர் சுவிட்சைப் போட்டு, சத்தத்தைக் கேட்டு, "பம்பு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்று சொல்லிவிடுவார். எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. அந்த பில் முதலாளியோடு நின்றாலும் பரவாயில்லை. "நீதான் சோப்புத் தூளைக் கொட்டிக் கெடுத்தாய்" என்று மெஷின் பிடித்த பையனின் சம்பளத்தில் கழிக்கிற ஒப்பந்தக்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அப்படிக் கழிக்கப்பட்டு என்னிடம் வேலைக்கு வந்தவர்களும் உண்டு. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

இந்த மெஷினில் வேலைகள் இரண்டு. பம்பு ஒன்று சோப்புத் தண்ணீரை ஜெட் என்கிற சிறு துளையுள்ள முனை வழியாகக் கார்ப்பெட்டுக்குள் பீய்ச்சும். வாக்குவம் மோட்டார் ஒன்று அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி வேறொரு தொட்டிக்கு இழுக்கும். கழுவிய பிறகும் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது உறிஞ்சும் பக்கத்தை. அதற்கும் பம்பைத்தான் திட்டுகிறார்கள்.

பீய்ச்சுவதே சரியில்லை என்றால், ஜெட்டைக் கழற்றிவிட்டு விசையை அழுத்தி ஒரு வாளிக்குள் விட்டுப் பாருங்கள். தண்ணீர் தாராளமாகக் கொட்டினால் அடைப்பு பெரும்பாலும் ஜெட்டில்தான். அப்போதும் நூலாக ஒழுகினால் அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும்: கைப்பிடியில் உள்ள வால்வு, ஹோஸ் மடங்கியிருக்கிறதா, ஹோஸை மெஷினோடு இணைக்கும் கப்ளிங் முழுதாகப் பூட்டியிருக்கிறதா, கடைசியாக நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் சிறு வடிகட்டி. அப்படி ஒரு வடிகட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. முடியும் நூலும் கரையாத தூளும் சேர்ந்து அதை மூடியிருக்கும்.

ஜெட் ஏன் அடைகிறது? சென்னையின் தண்ணீர் அப்படி; அதில் உள்ள சுண்ணாம்பு துளையில் படிகிறது. மெட்ரோ தண்ணீர் வரும் வீட்டிலும் மெஷினுக்கு என்று கேட்டால் போர் தண்ணீர்க் குழாயைத்தான் காட்டுவார்கள். அது சமையலுக்கு, இது கழுவுவதற்கு என்பது இங்கே எழுதாத சட்டம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது 2012ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை. எங்கள் பகுதிப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மறுப்பதைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் அழுக்கு நன்றாகப் போகும் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு விரைவாகப் பிரிந்து படியும். மெஷின் தாங்குகிற சூட்டைத் தாண்டினால் பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்கிற ரப்பர் சவ்வும் கெடும். அப்போது உண்மையிலேயே பம்பு போய்விடும்.

அடைத்த ஜெட்டை வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வினிகருக்குப் பதில் எலுமிச்சை உப்புக் கரைசலும் ஆகும். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் மலிவாகக் கிடைக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குண்டூசி போட்டுக் குத்தக் கூடாது! துளை பெரிதானால் தண்ணீர் அதிகமாக ஓடும், அழுத்தமோ குறையும். விசிறிபோல் விரிய வேண்டிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும். பல ஜெட்டுகளின் மேல் 8002 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். 80 என்பது விரியும் கோணம், 02 என்பது 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.2 கேலன். மாற்றும்போது அதே எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். "பெரியதாகப் போடுங்கள், நன்றாக அடிக்கும்" என்கிற கடைக்காரர் பேச்சைக் கேட்டால் கார்ப்பெட் ஊறிப்போய், நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாள் நாற்றம் எடுக்கும்.

சத்தத்துக்கும் அர்த்தம் உண்டு. பம்பு கடகடவென்று ஓடித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால், நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாய் இணைப்பில் காற்று நுழைகிறது. விசையை விட்ட பிறகும் பம்பு நின்று நின்று ஓடினால் எங்கோ கசிகிறது, அல்லது அதன் வால்வு சரியாக உட்காரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது இதை நிறையப் பார்த்தோம். சேறு அள்ளிய வாளியிலேயே நல்ல தண்ணீரையும் மொண்டு ஊற்றினார்கள். பொடிமணல் போய் வால்வுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. திறந்து கழுவினால் தீரக்கூடிய கோளாறு. அப்போதும் பல பம்புகள் தூக்கி எறியப்பட்டன. சிறிய மெஷின்கள் பலவற்றில் இருப்பது, நம் சமையலறை ஆர்ஓ கருவியின் பம்பைப் போன்ற டயாப்ரம் பம்புதான். தெருவுக்கு ஒரு ஆர்ஓ மெக்கானிக் இருக்கும் ஊரில் அதைத் திறந்து பார்க்க ஆளில்லை என்றால் நம்ப முடிகிறதா?

நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இரண்டு மோட்டாரையும் சேர்த்து ஓட்டுவதால் மின்னழுத்தம் குறைந்து பம்பு சோர்வதும் உண்டு. மண்டபங்களில் இது சகஜம்.

மெஷின் விற்பவர்களிடம் கேட்பது அதிகமில்லை. ஆங்கிலக் கையேட்டைப் பையனிடம் நீட்டுவதை விட்டுவிட்டு, மேலே சொன்ன சோதனைகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு மெஷின் மேல் ஒட்டித் தாருங்கள். ஜெட்டையும் வால்வு ரப்பரையும் தனித்தனியாக விற்பனைக்கு வையுங்கள். கைப்பிடியோடு சேர்த்து முழு செட்டாகத்தான் தருவோம் என்பது அடாவடி. பம்பை மாற்றினால் பழைய பம்பை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். ஸ்கூட்டர் மெக்கானிக்குகூடக் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் தருகிறார்.

ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒன்று: சம்பளத்தில் கை வைக்கும் முன், அந்தப் பையன் முன்னாலேயே ஜெட்டைக் கழற்றி வாளிச் சோதனையைச் செய்து காட்டுங்கள். தண்ணீர் கொட்டினால் பிடித்தத்தைக் கைவிடுங்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால் பொங்கலுக்கு முன் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சோபா, கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழில் நடத்தும் வாசகி,
வேளச்சேரி, சென்னை – 42.